எனக்கு ஒன்பதுதான் வருது, சிஸ்டர்

கேள்வி: நான் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி. போன வாரம் ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) போஸ்டிங். வயிற்று ஆபரேஷன் முடிந்து தைக்கப்போகும் நேரம், மாப் (ரத்தத்தை ஒற்றியெடுக்க வயிற்றுக்குள் வைக்கும் துணி) கவுண்ட் பத்தும் சரி என்று சிஸ்டர் சொன்னார். நான் எண்ணியதில் ஒன்பதுதான் வந்தது. ஸ்டூடண்ட் போய் எப்படிச் சொல்வது என்று பயந்து நின்றுவிட்டேன். அப்புறம் சிஸ்டரே மறுபடி எண்ணியபோது, இரண்டு மாப் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டுமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: சொல்லியிருக்க வேண்டும், மகளே. உன்னைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நானும் அப்படி நின்றவள்தான்.

பயிற்சிக் காலத்தில் ஒரு பித்தப்பை ஆபரேஷன். என் கணக்கில் ஒரு மாப் குறைந்தது. நான்தான் தப்பாக எண்ணியிருப்பேன் என்று மனசுக்குள்ளேயே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குள் சர்ஜன் தையல் ஊசியைக் கையில் வாங்கிவிட்டார். என் முகத்தைப் பார்த்த ஸ்க்ரப் சிஸ்டர் (சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவர்), “என்ன, கவுண்ட் வரலையா?” என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். “சார், ஒரு மாப் குறையுது, மூட வேண்டாம்” என்றார் அவர். சர்ஜன் முகம் சுளித்தார். ஆனால் கையை விட்டுத் தேடினார். கல்லீரலுக்குக் கீழே, ரத்தத்தில் ஊறி, சதையோடு சதையாக இருந்தது அது.

ஊறிய மாப் சுருங்கிவிடும், நிறமும் உறுப்பின் நிறமாகிவிடும். எவ்வளவு கெட்டிக்கார சர்ஜனின் கண்ணுக்கும் தப்பும். அதனால்தான் ஆபரேஷன் தொடங்கும் முன், வயிற்றை மூடும் முன், தோலைத் தைக்கும் முன் என்று ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டு எண்ணுகிறோம். பக்கெட்டில் குவிந்து கிடப்பதை எட்டிப் பார்த்து எண்ணக் கூடாது. ஒவ்வொன்றாகப் பிரித்து விரித்து, ஐந்து ஐந்தாக வைக்க வேண்டும். கணக்கு நேராகும்வரை துணி மூட்டையும் குப்பைப் பையும் தியேட்டரை விட்டு வெளியே போகக் கூடாது. தேடியும் கிடைக்காவிட்டால் டேபிளிலேயே எக்ஸ்ரே எடுப்பார்கள். மாப்பில் ஓடும் அந்தக் கோடு எக்ஸ்ரேயில் தெரிவதற்காகத்தான் வைத்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவை சிகிச்சை சரிபார்ப்புப் பட்டியலில் 19 விஷயங்கள் உண்டு. கத்தி வைக்கும் முன் தியேட்டரில் இருக்கும் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. என்னைக் கேட்டால் பட்டியலிலேயே அருமையான வரி அதுதான். ஒரு தடவை வாய் திறந்தவருக்கு மறுபடி திறப்பது சுலபம். டெல்லி உட்பட 8 நகரங்களில் இந்தப் பட்டியலைப் பின்பற்றிப் பார்த்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-ல் ஆய்வு வெளியானது.

சரி, எப்படிச் சொல்வது? யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். “சிஸ்டர், எனக்கு ஒன்பதுதான் வருது, ஒரு தடவை சேர்ந்து எண்ணிடலாமா?” அவ்வளவுதான். காதில் விழவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல். தப்பு உன் எண்ணிக்கையில்தான் என்று தெரிந்தால், போனது இரண்டு நிமிடம். திட்டு விழலாம். விழட்டும். படுத்திருப்பவரால் அப்போது பேச முடியாது.

அந்த சிஸ்டரைப் பார்த்து, “அன்னைக்கு எனக்கு ஒன்பதுதான் வந்துச்சு, சொல்லப் பயந்துட்டேன்” என்று சொல்லிவிடு. தான் சரி என்று சொன்னதையே மறுபடி எண்ணிப் பார்த்தவர் அவர், கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த கேஸில் கவுண்ட் எடுக்கும்போது உன்னையும் கூட நின்று எண்ணவிடச் சொல்லிக் கேள்.