கேளுங்கள், சொல்கிறேன்: எல்லாவற்றையும் ‘லோ’வில் வைத்தும் ஏன் லேக் அடிக்கிறது?

2025 ஆகஸ்டில் பேட்டில்ஃபீல்டு 6 என்ற சுடும் கணினி ஆட்டத்தின் திறந்த பீட்டா (வெளியீட்டுக்கு முன் யாரும் ஆடிப் பார்க்கும் சோதனைப் பதிப்பு) இரண்டு வாரக்கடைசிகளில் நடந்தது. ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் மட்டும் ஒரே நேரத்தில் 5 லட்சம் பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள். அக்டோபர் 10 அன்று முழு ஆட்டமே வெளியாகிவிட்டது. ஆனால் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இன்னும் அந்தப் பீட்டாவில் பட்ட பாட்டைப் பற்றித்தான். சரி, பிரிண்டர் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு.

கேள்வி: ஐ5 பன்னிரண்டாம் தலைமுறை பிராசஸர், 4 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050, 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் வைத்திருக்கிறேன். பீட்டாவில் கெய்ரோ மேப்பில் 60 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 60 ஃப்ரேம், அதாவது படங்கள்) காட்டியது. ஆனால் எதிரி வரும் நேரம் பார்த்துப் படம் அப்படியே நிற்கும். மறுபடி ஓடும்போது நான் செத்துக் கிடப்பேன். எல்லா செட்டிங்கையும் லோவுக்கு இறக்கியும் ஒரு எஃப்பிஎஸ்கூட ஏறவில்லை. கிராபிக்ஸ் கார்டு போதாது என்கிறான் நண்பன். லேப்டாப்பை விற்றுவிடலாமா? (கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: விற்காதீர்கள் தம்பி. பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘லோவுக்கு இறக்கியும் ஏறவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். கிராபிக்ஸ் கார்டு திணறிக்கொண்டிருந்தால், அதன் வேலையைக் குறைத்ததும் எஃப்பிஎஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு வேலை கொடுக்க வேண்டிய ஆள்தான் தாமதம்.

ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முதலில் பிராசஸர் கணக்குப் போட வேண்டும். 64 பேரில் யார் எங்கே நிற்கிறார்கள், எந்தக் குண்டு எங்கே போகிறது, இப்போது இடிந்து விழுந்த சுவரின் துண்டுகள் எந்தப் பக்கம் சரிகின்றன, எல்லாம் அதன் பொறுப்பு. அதை முடித்துக் கொடுத்த பிறகுதான் கார்டு படம் வரையும். 60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி செகண்ட். நிழலையும் புல்லையும் லோவில் வைத்தால் வரையும் வேலை குறையும். சுவர் இடிகிற கணக்கு பெரிதாகக் குறையாது. இதை உறுதிசெய்ய, ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கி ஒரு ரவுண்டு ஆடிப் பாருங்கள். எஃப்பிஎஸ் அப்படியே இருந்தால் கார்டின் மேல் பழி போடாதீர்கள்.

உங்கள் கேஸில் எனக்கு ரேம் மேல்தான் சந்தேகம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபாமென்ஸ்’ பக்கத்தில் ‘மெமரி’யை அழுத்துங்கள். வலது கீழ் மூலையில் சின்ன எழுத்தில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்று ஒரு வரி இருக்கும். உங்களுக்கு அங்கே ‘1 ஆஃப் 2’ என்று இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். 8 ஜிபி லேப்டாப் என்று விற்பதில் ஏராளமானவை ஒற்றை ரேமோடுதான் வருகின்றன. டிடிஆர்4 3200 வகை ரேம் ஒன்று மட்டும் இருந்தால் செகண்டுக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி போகும். ஜோடியாகப் போட்டால் 51.2. இந்த ஆட்டம் கேட்கும் குறைந்தபட்சமே 16 ஜிபி, அதுவும் ஜோடியாக (இரட்டை சேனலில்). நீங்கள் 8-இல் ஓட்டுகிறீர்கள். விண்டோஸும் பின்னால் திறந்து கிடக்கும் குரோமும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின் ஆட்டத்துக்கு மிச்சம் பற்றாது. பற்றாததை விண்டோஸ் எஸ்எஸ்டிக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுக்கும். படம் நிற்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

60 காட்டுகிறதே என்று ஏமாறவும் வேண்டாம். அது சராசரி. ஒரு மணி நேரத்தில் பத்து பஸ் விட்டோம் என்று டெப்போவில் கணக்குச் சொல்வார்கள். ஒன்பதும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட, பத்தாவதற்கு முக்கால் மணி நேரம் நின்றவருக்குத்தான் உண்மை தெரியும். அதனால் அளக்கிற சாஃப்ட்வேரில் ‘1 சதவீத லோ’ (மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு ஃப்ரேம்களின் வேகம்) என்ற எண்ணைப் பாருங்கள். சராசரி 60-ஆக இருந்து அது 15-இல் கிடந்தால், ஆட்டம் 15 மாதிரிதான் கையில் தெரியும்.

இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போடுங்கள். ரேம் விலை இப்போது தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது, தெரியும். ஆனாலும் லேப்டாப்பை மாற்றுவதைவிட மலிவு. நம்பிக்கையான கடையில் பழைய ரேம் கிடைத்தாலும் வாங்கலாம். ரேம் அவ்வளவு சீக்கிரம் கெடுகிற பொருள் அல்ல. டிடிஆர்4-ஆ 5-ஆ என்று முதலில் பாருங்கள், ஒன்றுக்காகச் செய்தது மற்றதில் பொருந்தாது. சில லேப்டாப்களில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது. அப்புறம் ரேமைச் சாய்வாக உள்ளே தள்ளி, கீழே அழுத்த வேண்டும். இரண்டு பக்கக் கிளிப்பும் ‘டக்’ என்று பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் முழுதாக உள்ளே போகவில்லை. எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். வாரன்ட்டி பாக்கி இருந்தால் சர்வீஸ் சென்டரிலேயே போடச் சொல்லுங்கள்.

இதற்குப் பிறகும் உங்கள் கார்டு சொல்லப்பட்ட குறைந்தபட்சத்துக்குக் கீழேதான். ஆட்டம் கேட்பது 6 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 2060. அதனால் டெக்ஸ்சரை (பொருட்களின் மேல் ஒட்டும் படங்கள்) மட்டும் கண்டிப்பாக லோவில் வையுங்கள். டெக்ஸ்சர் ஒரு விசித்திரமான செட்டிங். கார்டின் மெமரியில் இடம் இருக்கும்வரை எஃப்பிஎஸ்ஸைத் தொடாது. இடம் தீர்ந்ததும் தலைகீழாக்கிவிடும். டிஎல்எஸ்எஸ்ஸை (படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியா வசதி) ‘பேலன்ஸ்டு’ வைத்துக்கொண்டால் நிம்மதியாக ஆடலாம். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கார்டின் டிரைவரை அப்டேட் செய்த பிறகு ஆடும் முதல் ரவுண்டை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். ஷேடர்களை (படம் வரையக் கார்டுக்குக் கொடுக்கும் சிறு நிரல்கள்) எல்லாம் புதிதாகத் தயார்செய்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரம் திக்கத்தான் செய்யும்.

கேள்வி: என் மகன் பீட்டாவை இறக்கினான். ‘செக்யூர் பூட் இல்லை’ என்று உள்ளேயே விடவில்லை. யூடியூப் பார்த்து பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) எதையோ மாற்றினான், விண்டோஸே வரவில்லை. கடையில் மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். 2019-இல் வாங்கிய கணினி. அந்த செக்யூர் பூட்டைப் போட்டால் வேகம் குறையும் என்றும் சொல்கிறான். (ஒரு தந்தை, சேலம்)

பதில்: மதர்போர்டு போயிருக்காது ஐயா. பணம் கொடுப்பதற்கு முன் பயாஸுக்குள் போய், பழைய முறையில் கணினியை எழுப்பும் சிஎஸ்எம் என்ற பகுதியைப் பழையபடி ‘எனேபிள்’ செய்யச் சொல்லுங்கள். விண்டோஸ் வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

நடந்தது இதுவாக இருக்கும். உங்கள் ஹார்ட் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் வைத்துக் கணினியை எழுப்பும் பாதுகாப்பு) வேண்டுமென்றால் சிஎஸ்எம்மை அணைக்க வேண்டும். அணைத்தால் எம்பிஆர் டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் கிளம்பாது. பையன் இரண்டாவது படியை முதலில் செய்துவிட்டான். அவனைத் திட்டாதீர்கள், பல வீடியோக்களில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சரியான வரிசை இது. விண்டோஸ் வந்ததும் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் அதன் 48 இலக்கச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸை மாற்றியதும் அதைக் கேட்கும். ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். ‘லெகசி’ என்றிருந்தால் விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கட்டளையால் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றலாம், கோப்புகள் அழியாது. முதலில் அதன் ‘வேலிடேட்’டை ஓட்டி, பிழை எதுவும் இல்லையென்றால் மட்டும் ‘கன்வெர்ட்’. அதன் பிறகுதான் சிஎஸ்எம்மை அணைத்து, டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லையும் செக்யூர் பூட்டையும் போட வேண்டும். போட்ட பிறகும் ‘ஆஃப்’ என்றே காட்டினால், அதே பக்கத்தில் கம்பெனிச் சாவிகளை மீட்டெடுக்கும் பொத்தான் ஒன்று இருக்கும், அதை அழுத்துங்கள்.

வேகம் குறையாது. செக்யூர் பூட்டுக்கு வேலையெல்லாம் கணினி எழுந்திருக்கும் நேரத்தில்தான். ஏமாற்று மென்பொருள்கள் விண்டோஸுக்கும் முன்பே ஏறி உட்கார்ந்துகொள்வதைத் தடுக்கத்தான் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். எனக்கும் கொஞ்சம் எரிச்சல்தான், ஓர் ஆட்டத்துக்காக டிஸ்க்கையே மாற்றச் சொல்வது. ஆனால் சுவருக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கிறவனோடு ஆடுவதைவிடப் பரவாயில்லை.

கேள்வி: ‘எஃப்பிஎஸ் பூஸ்டர்’ ஒன்றுக்குப் பணம் கேட்கிறார்கள். வாங்கலாமா? நண்பர் கொடுத்த கான்ஃபிக் கோப்பும் (ஆட்டத்தின் செட்டிங்குகளை எழுதிய கோப்பு) இருக்கிறது. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். அது செய்வதெல்லாம் பின்னால் ஓடும் நிரல்களை மூடுவதும் ரேமைக் ‘காலிசெய்வதும்’தான். முதலாவதை நீங்களே இலவசமாகச் செய்யலாம். இரண்டாவது கெடுதல், காலிசெய்ததை ஆட்டம் மறுபடி இழுத்துத்தான் ஆக வேண்டும். சில பூஸ்டர்கள் விண்டோஸ் பாதுகாப்பை அணைத்து வைத்துவிடும், அதையும் பார்த்திருக்கிறேன்.

நண்பரின் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். எத்தனை கோர், எத்தனை திரெட் என்று எண்கள் இருக்கும். அவை அவருடைய பிராசஸருக்கானவை. 16 கோர் வைத்திருப்பவர் எழுதியதை 6 கோர் கணினியில் ஒட்டினால் முன்பைவிட மோசமாகத் திக்கும். அந்த எண்கள் உங்களுக்குப் புரிந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கோப்பை அழித்துவிடுங்கள்.

கேள்வி: ஆட ஆரம்பித்தால் 90 எஃப்பிஎஸ். இருபது நிமிடத்தில் 45. மறுநாள் மறுபடி 90. கரண்ட் போய்விட்டால் சரியாக 30-இல் நிற்கிறது. லேப்டாப் வாங்கி மூன்று வருடம். (வாசகர், வேலூர்)

பதில்: வேலூர் என்று போட்டிருக்கிறீர்கள், அதுவே பாதிப் பதில். அறையே 36 டிகிரியில் இருந்தால் லேப்டாப் உள்ளே இழுக்கும் காற்றும் 36 டிகிரிதான். பிராசஸர் 100 டிகிரியை நெருங்கியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுதான் உங்கள் 45.

மூன்று வருட லேப்டாப்பைத் திறந்தால் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் நாங்கள் முதலில் பார்ப்பது ஃபேனை அல்ல, ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை. தூசி அங்கே கம்பளித் துணி மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, இன்னும் உள்ளே அழுந்தும். ஃபேனைக் கழற்றி, அந்தப் படலத்தை இடுக்கியால் உரித்து எடுக்க வேண்டும். ஒரே துண்டாக வரும். கூடவே தெர்மல் பேஸ்டையும் மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் செய்யக்கூடியது, மெத்தையில் வைத்து ஆடுவதை நிறுத்துவதும், பின்பக்கத்தை இரண்டு விரல்கடை தூக்கி வைப்பதும். எஃப்பிஎஸ்ஸை 60-க்கு நீங்களே கட்டிப்போட்டாலும் சூடு குறையும். 90-இலிருந்து 45-க்கு விழுவதைவிட நிலையான 60 எவ்வளவோ மேல்.

கரண்ட் போனதும் 30-இல் நிற்பது கோளாறு அல்ல. பேட்டரியில் ஓடும்போது என்விடியாவின் ‘பேட்டரி பூஸ்ட்’ 30-க்குக் கட்டிவிடும். அதை அணைக்கலாம், ஆனால் பேட்டரியால் கார்டுக்கு முழு மின்சாரம் கொடுக்க முடியாது, 90 வராது. இன்னொன்று, ஒரிஜினல் சார்ஜரைத்தானே பயன்படுத்துகிறீர்கள்? 180 வாட் கேட்கும் லேப்டாப்பில் 65 வாட் டைப்-சி சார்ஜரைச் செருகிவிட்டு ‘லேக் அடிக்கிறது’ என்று வருபவர்கள் உண்டு.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 4060, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டதும் 70 இருந்தது 110 ஆனது. ஆனால் மவுஸ் கனமாக இருக்கிறது, முன்பைவிட அதிகம் சாகிறேன். என் பிரமையா? (ஐடி ஊழியர், கோவை)

பதில்: பிரமை இல்லை மேடம். 110-இல் பாதிதான் ஆட்டம் கணக்குப் போட்ட உண்மையான ஃப்ரேம், அதாவது 55. மீதியை இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் கார்டு ஊகித்து வரைகிறது. அப்படி வரைய அடுத்த ஃப்ரேம் வரும்வரை கையிலிருப்பதை நிறுத்தி வைக்க வேண்டும். படம் வழுக்கிக்கொண்டு போகும், உங்கள் கிளிக் தாமதமாகப் போய்ச் சேரும். கதை ஆட்டத்துக்கு நல்லது. சுடும் ஆட்டத்தில் மற்றவர்களோடு மோதும்போது அணைத்துவிடுங்கள். டிஎல்எஸ்எஸ் ‘குவாலிட்டி’, ரிஃப்ளெக்ஸ் (தாமதத்தைக் குறைக்கும் வசதி) ‘ஆன்’, இவை இரண்டும் போதும். பரந்த பார்வைக் கோணம் வைத்திருந்தால் கொஞ்சம் குறையுங்கள், திரையில் வரும் பொருட்கள் குறையும்.

விண்டோஸின் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’யில் உண்மையிலேயே 144 தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 144 மானிட்டரை வாங்கி வருடக்கணக்கில் 60-இல் ஓட்டுபவர்கள் நிறைய. கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல.

கேள்வி: எஃப்பிஎஸ் 100-க்கு மேல். ஆனாலும் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகு குண்டு படுகிறது. ஆள் பின்னால் இழுபட்டு இழுபட்டு நடக்கிறான். ரேமைக் கூட்டவா? (பள்ளி மாணவர், தாம்பரம்)

பதில்: கூட்டாதே தம்பி. உன் பிரச்சினை எஃப்பிஎஸ் அல்ல, பிங், அதாவது ஆட்டத்தின் சர்வருக்குச் செய்தி போய்வர ஆகும் நேரம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் போகும் ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர மட்டுமே 32 மில்லி செகண்ட். எந்த ரேமும் இதைக் குறைக்காது. சர்வர் தேர்வு இருந்தால் மும்பையை எடு. பிங் எண் ஒரே இடத்தில் நிற்காமல் 40, 180, 60 என்று குதித்தால் பெரும்பாலும் வைஃபைதான் குற்றவாளி. மோடத்திலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்துச் செருகிப் பார். வீட்டில் யாரும் அந்த நேரம் பெரிய படம் எதையும் இறக்காமல் பார்த்துக்கொள். அதற்குப் பிறகும் குதித்தால் எழுது.