‘நான் யார்?’ என்று எழுத உட்காரும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு: சமூகவியல் கேள்வி பதில்

சமூகவியல் முதலாண்டில் ‘என் பண்பாட்டு அடையாளம்’ என்று ஒரு கட்டுரை கொடுப்பார்கள். அதை ஒட்டி வந்த கேள்விகளும் பதில்களும்.

வியாசர்பாடி மாணவி: மேடம், 1,000 வார்த்தை எழுதணும். எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

‘கல்தோன்றி மண்தோன்றா’ என்று ஆரம்பிக்காதீர்கள். அது யார் கட்டுரைக்கும் பொருந்தும். ஒரு தாளில் 1 முதல் 20 வரை எண் போட்டு, ஒவ்வொன்றின் எதிரேயும் ‘நான்…’ என்று தொடங்கி ஒரு வரி எழுதுங்கள். ரொம்ப யோசிக்க வேண்டாம், மனதில் வருகிற வரிசையிலேயே எழுதுங்கள். கூன், மெக்பார்ட்லண்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இருவரும் 1954-இல் கொடுத்த முறை இது. பிறகு எது பிறப்பால் வந்தது, எது நீங்களே ஈட்டியது என்று வரிக்கு வரி குறியுங்கள். மானிடவியலாளர் ரால்ஃப் லிண்டன் 1936-இல் செய்த பாகுபாடு அது. சில வரிகள் எந்தப் பக்கமும் ஒட்டாது. ‘எங்க வீட்ல காலேஜ் போற முதல் ஆள் நான்’ என்பது ஈட்டியதுதான், ஆனால் பிறந்த வீட்டை வைத்துத்தான் அதற்கு அர்த்தம். அந்த மாதிரி வரிகள் இரண்டை மட்டும் எடுங்கள். இருபதையும் தொட்டால் கட்டுரை பட்டியலாகிவிடும்.

அடுத்து, வீட்டுக் கதை ஊர்க் கதையோடு எங்கே சேர்கிறது என்று பாருங்கள். தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவரா? அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் தொழிலாளர்கள் சாதியால் பிளந்து மோதிக்கொண்டார்கள். 1990-களில் ஆலை மூடியது. உங்கள் அப்பா ஏன் ஆட்டோ எடுத்தார் என்பதற்கு அவர் குணத்தை மட்டும் காரணம் சொன்னால் பாதிதான் சொன்ன மாதிரி. சொந்தக் கஷ்டத்தையும் பொதுப் பிரச்சினையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னவர் அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ், 1959-இல்.

தண்டையார்பேட்டை: இன்டர்வியூல அட்ரஸ் சொன்னதும் முகம் மாறுது. அதனால ‘பீச் ஸ்டேஷன் பக்கம்’னு சொல்லிடறேன். இது தப்பா?

தப்பே இல்லை. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் முத்திரை குத்தப்படுவதைப் பற்றி எழுதியபோது, வெளியே தெரியாமல் மறைக்கக்கூடிய முத்திரை, மறைக்கவே முடியாத முத்திரை என்று பிரித்தார். முகவரி முதல் வகை. அதனால்தான் எதைச் சொல்வது, எதை விடுவது என்ற கணக்கு ஓயாமல் மனதில் ஓடுகிறது. அந்தக் களைப்பை எழுதுங்கள். ‘கேவலமாகப் பார்த்தார்கள்’ என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள், அடுத்த கேள்வி எப்படி மாறியது என்று வரிசையாக எழுதினால் முத்திரை விழும் இடம் கண்ணுக்குத் தெரியும்.

காசிமேடு: என் பேச்சைக் கேட்டு கிளாஸ்ல சிரிக்கிறாங்க. மாத்திக்கணுமா?

வேண்டாம். இடத்துக்கு ஏற்றபடி இரண்டு விதமாகப் பேசக் கற்றுக்கொண்டால் போதும், பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். எந்தப் பேச்சுக்கு மதிப்பு என்பதை அதிகாரம் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். உங்கள் பேச்சில் குறை ஏதும் இல்லை.

வியாசர்பாடி, பர்மாவிலிருந்து வந்த குடும்பம்: நாங்க பர்மாக்காரங்களா, சென்னைக்காரங்களா?

1962-இல் பர்மா ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்து கடைகளை நாட்டுடைமையாக்கியபோது உங்கள் தாத்தா தலைமுறை கப்பலேறியது. அங்கே இந்தியர், இங்கே பர்மாக்காரர் என்று இரண்டு இடத்திலும் வெளியாள் பேர்தான் கிடைத்தது. மானிடவியலாளர் ஃப்ரெட்ரிக் பார்த் 1969-இல் சொன்னது உங்களுக்கு உதவும்: ஒரு கூட்டத்திடம் என்ன வழக்கங்கள் இருக்கின்றன என்பதைவிட, எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸை எல்லாரும் நின்று சாப்பிடுகிறார்கள், வாழைத்தண்டு சூப்பையும் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். அந்தக் கோடு அழிந்துவிட்டது என்று அதை வைத்து எழுதிவிடாதீர்கள். கல்யாணப் பேச்சு வரும்போது கோடு எங்கே நிற்கிறது என்று வீட்டில் மூன்று தலைமுறையிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக உட்கார வைத்தால் பெரியவர் சொல்வதே எல்லாருடைய பதிலாகிவிடும்.

கொருக்குப்பேட்டை: எங்க தெருவுலயே பேட்டி எடுக்கணும். சாதியைக் கேட்கலாமா?

எடுத்த எடுப்பில் கேட்டால் ‘இப்பல்லாம் யார் பார்க்கறா’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘உங்க பண்பாடு என்ன’ என்றால் பொங்கலும் வேட்டியும்தான் வரும். கடைசியாக யார் வீட்டு விசேஷத்துக்குப் போனீர்கள், எவ்வளவு மொய் வைத்தீர்கள் என்று கேளுங்கள். மனம் வைத்தால் மொய் நோட்டையே எடுத்துக் காட்டுவார்கள். பெயர், ஊர், தொகை. எந்த ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, எதிர்வீட்டுக்காரர் அதில் இருக்கிறாரா, சொந்தக்காரர் தொகைக்கும் வேலையிடத்து நண்பர் தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம்? உறவின் எல்லை அந்தப் பக்கங்களில் இருக்கும். சாதியைத் தாங்கி நிற்பது அகமணம்தான், அதாவது சொந்தச் சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்வதுதான் என்று அம்பேத்கர் 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் காட்டினார். மொய் நோட்டில் அதன் தடம் தெரியும். நோட்டை போட்டோ எடுக்காதீர்கள், அதில் ஊரே இருக்கிறது.

முதல் கட்டுரைக்கு ஐந்தாறு பேர் போதும். ஒரு மணிநேரப் பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணிநேரம் ஆகும். பெயரை மட்டும் மாற்றினால் பத்தாது. ‘இந்தத் தெருவில் மீன் ஏலம் விடும் அம்மா’ என்று எழுதினால் யார் என்று தெருவுக்கே தெரியும், தொழிலையும் கொஞ்சம் பொதுவாக்குங்கள்.

ராயபுரம்: எழுதினதை வீட்ல காட்டணுமா?

யார் சொன்னதை எழுதியிருக்கிறீர்களோ அவருக்கு அந்தப் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ‘வீட்டார் கேட்டுக்கொண்டதால் ஒரு பகுதி நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி போட்டால் போதும்.