துருவக் கடலில் அன்று பனி எதுவரை இருந்தது என்று டயாட்டம் எப்படிச் சொல்கிறது?

கேள்வி, அட்டனில் உயர்தரம் படிக்கும் ஒரு மகளுடையது: “ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன் கடலில் மிதந்த பனி உருகிப் போய்விட்டது. அது எதுவரை பரந்திருந்தது என்று டயாட்டத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?”

டயாட்டம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக்கல அல்கா. அதை நீங்கள் தொட்டே இருப்பீர்கள், மகள். லயத்தில் தண்ணீர் விழும் பீலிக்கரையில் காலை வழுக்கிவிடுமே, கல்லில் படிந்த பழுப்பு வழுவழுப்பு, அதில் பெரும்பாலும் இவைதான். நான் உயிரியல் படிப்பிக்கிறேன். அந்தக் கல்லைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு சொட்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். தோணி மாதிரி சில மெல்ல நகரும். சவர்க்காரப் பெட்டியும் மூடியும் போல ஓட்டுக்கு இரண்டு பாதி. ஓடு சிலிக்கா. உயிர் போனாலும் அதிலுள்ள கோடும் துளையும் எளிதில் அழியாது, அவற்றைப் பார்த்தே இனம் பிரிக்கிறார்கள்.

அந்தாட்டிக்காவைச் சுற்றிய ஆழ்கடலில் சுண்ணாம்பு ஓடுகள் பெரும்பாலும் கரைந்துவிடுகின்றன. அடிச்சேற்றில் தங்குவது டயாட்டம்தான். சேற்றைக் குழாயால் துளைத்தெடுத்து, ஹைட்ரஜன் பெரொக்சைட்டால் சேதனப் பொருளை நீக்கி, 1000 மடங்கு பெருக்கத்தில் ஒரு மாதிரிக்கு 300 ஓடுகளுக்கு மேல் எண்ணுவார்கள். ஃபிராஜிலாரியோப்சிஸ் கர்ட்டா என்ற டயாட்டம் இனம் கடற்பனியை ஒட்டி வாழ்வது. அதே பேரினத்துக் கெர்குலென்சிஸ் திறந்த கடலுக்குரியது. சேற்றின் ஒரு படையில் கர்ட்டா கூடினால், அந்தக் காலத்தில் பனி அங்கே எட்டியிருக்கிறது. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் குளிர்காலப் பனி இன்றையதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பரந்திருந்தது என்று கணக்கிட்டது இப்படித்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். மெல்லிய ஓடுகள் கீழே இறங்கும்போதே கரையும், தடித்த கெர்குலென்சிஸ் தப்பிவிடும். இதை யோசிக்காமல் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் கணக்கு பிழைத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று 2006–07இல் அந்தாட்டிக்காவில் கடல்மேல் மிதக்கும் ராஸ் பனித்தட்டின் அடியில் ஆண்ட்ரில் என்ற துளையிடும் ஆய்வுக் குழு எடுத்த 1,285 மீற்றர் துளை. இன்று வெளிச்சமே எட்டாத இடம் அது. ஆனால் பனியாறு கொண்டுவந்த கல்மண்ணுக்கு இடையிடையே டயாட்டம் மட்டுமே குவிந்த படைகள் வந்தன. டயாட்டத்துக்கு வெளிச்சம் வேண்டுமே! அப்படியென்றால் 30 முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பனித்தட்டு திரும்பத் திரும்பக் காணாமல் போயிருக்கிறது. அதை முதலில் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பீலிக் கல்லில் கர்ட்டா கிடைக்காது, அங்கே இருப்பவை நன்னீர் இனங்கள். ஓட்டைப் பார்க்கப் பாடசாலை நுணுக்குக்காட்டியின் 400 மடங்கு போதும். மழை அடித்துக் கழுவாத கல்லாகப் பார்த்து எடுங்கள்.