கெர்னல் மாட்யூலில் ஃப்ளோட் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸ் கெர்னல் மாட்யூலாக (இயங்குதளத்தின் மையப் பகுதியில் ஏற்றப்படும் நிரல்) ஒரு பிஐடி கன்ட்ரோலர் (ஒரு அளவை இலக்கு மதிப்பில் நிறுத்தும் கட்டுப்பாட்டு நிரல்) எழுதினேன். அதில் ஃப்ளோட், அதாவது தசமப் புள்ளி எண்கள் உண்டு. எக்ஸ்86-இல், எஸ்எஸ்இ (ஃப்ளோட் கணக்குக்கான ப்ராசசர் கட்டளைகள்) முடக்கத்தில் இருப்பதாகச் சொல்லி கம்பைலர் நின்றுவிடுகிறது. 32 பிட் ஆர்ம் போர்டிலோ __ஏஇஏபிஐ_டிமுல் (ஃப்ளோட் பெருக்கலுக்கான ஃபங்ஷன்) கிடைக்கவில்லை என்கிறது. ஏன்?

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்று. சிஸ்டம் கால் (ஒரு புரோகிராம் கெர்னலை அழைப்பது) வரும்போது கெர்னல் பொது ரெஜிஸ்டர்களை மட்டுமே எடுத்து வைக்கிறது. ஃப்ளோட் ரெஜிஸ்டர்களில் அப்போதும் யூசர் ப்ராசஸின் மதிப்புகள்தான் இருக்கும். அவற்றைத் தொட்டுவிடக் கூடாதென்றே எக்ஸ்86 கெர்னல் எஸ்எஸ்இ இல்லாமல் கம்பைல் ஆகிறது. ஆர்மில் கம்பைலர் சாஃப்ட் ஃப்ளோட்டுக்கு (மென்பொருளிலேயே ஃப்ளோட் கணக்கு) போய், தன் துணை நூலகமான லிப்ஜிசிசியின் ஃபங்ஷன்களைத் தேடுகிறது. கெர்னலில் அவை கிடையாது.

கேள்வி: மேக்ஃபைலில் எஸ்எஸ்இ தடையை எடுத்துவிட்டேன். நன்றாகவே ஓடுகிறதே?

பதில்: ஓடும். ஆனால் உங்கள் மாட்யூல் அழித்த ரெஜிஸ்டர் வேறொரு ப்ராசஸுடையது. ஊப்ஸ் (கெர்னலின் பிழை அறிக்கை) வராது, லாகில் ஒரு வரி இருக்காது. எங்கோ ஒரு புரோகிராம் எப்போதாவது தப்பான விடை தரும். இந்த வழுவைத் தேடிப் பிடிப்பது மிகக் கடினம். தயவுசெய்து அப்படியே விட்டுவிடாதீர்கள்.

ஃப்ளோட் கோடு முழுவதையும் தனி சி ஃபைலுக்கு மாற்றுங்கள். லினக்ஸ் 6.10 முதல் மேக்ஃபைலில் அந்த ஃபைலுக்கு மட்டும் சிசி_ஃப்ளாக்ஸ்_எஃப்பியு (எஃப்பியு என்பது ப்ராசசரின் ஃப்ளோட் அலகு) சேர்த்து, சிசி_ஃப்ளாக்ஸ்_நோ_எஃப்பியு நீக்கினால் போதும். அழைக்கும் ஃபைலில் கெர்னல்_எஃப்பியு_பிகின், கெர்னல்_எஃப்பியு_எண்ட் இரண்டுக்கும் நடுவே அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தால், கம்பைலர் ஒரு ஃப்ளோட் இன்ஸ்ட்ரக்‌ஷனை பிகினுக்கு முன்னாலேயே நகர்த்திவிடலாம். எல்லையைக் கடக்கும் ஆர்கியுமென்ட்களும் திரும்பும் மதிப்பும் இன்டிஜராகவோ பாயின்டராகவோ இருக்கட்டும். நடுவில் தூங்கக் கூடாது, அதாவது எதற்காகவும் காத்து நின்று சிபியுவை விட்டுக்கொடுக்கக் கூடாது: மியூடெக்ஸ், ஜிஎஃப்பி_கெர்னல் அலொகேஷன், யூசர் மெமரி காப்பி எதுவும் ஆகாது. எக்ஸ்86-இல் இன்டரப்ட் சூழலில் ஐஆர்க்யூ_எஃப்பியு_யூசபிள் (இப்போது எஃப்பியுவைத் தொடலாமா என்று சொல்லும் ஃபங்ஷன்) கேட்டுப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

கேள்வி: பிரீஎம்ப்ட் ஆர்டி கெர்னலில் (நிகழ்நேர வேலைக்கான லினக்ஸ்) இப்படிச் செய்த பிறகு லேட்டன்சி (தாமதம்) கூடிவிட்டது.

பதில்: பிகின் முதல் எண்ட் வரை பிரீஎம்ப்ஷன் (ஓடும் டாஸ்க்கை நிறுத்தி வேறொன்றுக்கு மாறுவது) நிற்கிறது. எவ்வளவு உயர்ந்த பிரயாரிட்டி டாஸ்க்கானாலும் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். 1000 சாம்பிளை ஒரே மூச்சில் ஃபில்டர் செய்யாமல் 50, 50 ஆக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் எண்ட், பிகின் போடுங்கள். செலவு பற்றிய பயம் வேண்டாம். ஃப்ளோட் ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் எஃப்எக்ஸ்சேவ் பகுதி 512 பைட், ஏவிஎக்ஸ் (அகலமான ரெஜிஸ்டர்கள்) சேர்ந்தால் 832 பைட்; ஆனால் 5.2-க்குப் பிந்தைய எக்ஸ்86 கெர்னலில் முதல் பிகின் மட்டுமே இதைச் சேமிக்கிறது. மீட்பது யூசர் பக்கம் திரும்பும்போதுதான். நடுவில் வரும் பிகின்கள் மலிவு.

கேள்வி: பழைய ஆர்டிஏஐ (லினக்ஸுக்கான நிகழ்நேர நீட்டிப்பு) மாட்யூல் ஒன்றைப் பராமரிக்கிறேன். அங்கே?

பதில்: டாஸ்க்கை உருவாக்கும் ஆர்டி_டாஸ்க்_இனிட்டின் ஆறாவது ஆர்கியுமென்ட் யூசஸ்_எஃப்பியு. ஃப்ளோட் தொடும் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் அது 1 ஆக இருக்க வேண்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது கார்டெக்ஸ்-எம்4எஃப் மைக்ரோகன்ட்ரோலர், அதில் ஃப்ரீஆர்டாஸ் என்ற சிறு நிகழ்நேர இயங்குதளம். ஃப்ளோட் சேர்த்த பின் ஸ்டாக் நிரம்பி வழிகிறது.

பதில்: ஃப்ளோட் தொட்ட டாஸ்க்கின் இன்டரப்ட் ஃப்ரேம் (இன்டரப்ட் வரும்போது ஸ்டாக்கில் சேமிக்கப்படும் ரெஜிஸ்டர்கள்) 8 வேர்டிலிருந்து (ஒரு வேர்ட் 4 பைட்) 26 வேர்டாகிறது. டாஸ்க் மாறும்போது எஸ்16 முதல் எஸ்31 வரை இன்னொரு 16 வேர்ட். ஆக டாஸ்க்குக்கு 136 பைட் கூடுதல். ஐஎஸ்ஆருக்குள்ளும் (இன்டரப்ட்டைக் கையாளும் ஃபங்ஷன்) ஃப்ளோட் இருந்து, இன்டரப்ட் ஒன்றுக்குள் ஒன்று வந்தால் மெயின் ஸ்டாக்கும் அதேபோல வளரும். இன்னொன்று: இந்தச் சிப்பின் வன்பொருளுக்கு சிங்கிள் பிரிசிஷன் மட்டுமே தெரியும். 0.1 என்று வெறுமனே எழுதினால் அது டபுள், மென்பொருளில் மெதுவாக ஓடும். எண்ணின் கடைசியில் எஃப் போடுங்கள்.

கேள்வி: உள்ளீடு பூஜ்யமான பிறகு எக்ஸ்86-இல் ஐஐஆர் ஃபில்டர் (தன் பழைய வெளியீட்டையும் பயன்படுத்தும் சிக்னல் வடிகட்டி) மெதுவாகிறது. விநோதமாக இருக்கிறது.

பதில்: ஃபில்டரின் நிலை பூஜ்யத்தை நோக்கித் தேய்ந்து டீநார்மல் எண்களாகிவிட்டது (பூஜ்யத்துக்கு மிக அருகிலுள்ள மிகச் சிறிய எண்கள்); பல சிப்களில் அவற்றின் கணக்கு பல மடங்கு மெதுவானது. அவற்றைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ள, எஸ்எஸ்இ கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரான எம்எக்ஸ்சிஎஸ்ஆரில் 15-ஆம் பிட்டையும் 6-ஆம் பிட்டையும் ஏற்றுங்கள். இயல்பு மதிப்பு 0x1எஃப்80, அது 0x9எஃப்சி0 ஆகும். பிகின் அதை மறுபடி இயல்புக்குத் திருப்பிவிடும், ஆகவே ஒவ்வொரு பிகினுக்குப் பிறகும் ஏற்ற வேண்டும்.

கேள்வி: பிரின்ட்கேயில் (கெர்னல் லாகில் எழுதும் ஃபங்ஷன்) ஃப்ளோட் மதிப்பை எப்படிக் காட்டுவது?

பதில்: சதவீத எஃப் அங்கே இல்லை. பிகின், எண்டுக்குள்ளேயே 1000-ஆல் பெருக்கி இன்டிஜராக்கி வெளியே அனுப்புங்கள்.