பெரிய கத்தி வாங்கலாமா, வைத்திருக்கலாமா?

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய கவாத்துக் கத்தி, கொடுவாள், அரிவாள் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆன்லைனில் 11 அங்குல வேட்டைக் கத்தி ஒன்று கண்ணில் பட்டது. லைசென்ஸ் வேண்டுமா ஐயா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: கையில் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்த பொருளை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதமாக எடுத்துக்கொள்வதில்லை. கவாத்துக் கத்தி தோட்ட வேலைக்கென்றே செய்தது.

வேட்டைக் கத்தி விஷயம் வேறு. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்து, வீடு, விவசாயம், தொழில் போன்ற உபயோகத்துக்காகச் செய்யப்படாத கத்தி என்றால், 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் உள்ள ஆயுதப் பட்டியலில் வந்துவிடும், லைசென்ஸ் கேள்வியும் வந்துவிடும். குத்துவாளும் அந்தப் பட்டியலில் உண்டு. அதனால் இரண்டு பக்கமும் கூர் வைத்த கத்தியென்றால் அளவு பார்க்கும் முன்பே விலகிவிடுங்கள். விற்பவர் ‘அலங்காரப் பொருள், லைசென்ஸ் தேவையில்லை’ என்று போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவில், அந்தக் கத்தியின் படத்தையும் அளவையும் வைத்து எழுதிக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால் அந்தக் கத்தியே உங்களுக்கு வேண்டாம். அது எந்த ஊரிலும் கிடைக்கிற சரக்கு, நம் மலைக்கே உரியதில்லை. படகர், தோடர், குறும்பர் என்று நீலகிரி மலையில் இருந்த அத்தனை பேருக்கும் தலைமுறை தலைமுறையாக இரும்புச் சாமான் அடித்துக் கொடுத்தவர்கள் கோத்தர்கள். அவர்கள் பட்டறையில் அடித்த பழைய வெட்டுக்கத்தி ஒன்று நேர்மையான வழியில் கிடைத்தால் அதைச் சேருங்கள். எந்த ஊர்ப் பட்டறை, யார் வீட்டில் இருந்தது, எந்த வேலைக்கு வைத்திருந்தார்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளைகள் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவார்கள்.

இன்னொன்று. முதுமலைப் பக்கம் போகும்போது காரில் கத்தி கிடக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்றால் கத்தியும் சேர்த்துத்தான். எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதைச் சரணாலயத்துக்குள் கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: ‘டமாஸ்கஸ்’ என்று சொல்லி 4,500 ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு சமையல் கத்தி வாங்கினேன். நார் போட்டுத் தேய்த்ததும் அலையலையாக இருந்த கோடு மங்கிவிட்டது. பயன்படுத்திய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (வாசகி, கொடைக்கானல்)

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. கோடு மங்கியதை மட்டும் வைத்து ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. இப்போது டமாஸ்கஸ் என்று விற்பது பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கடுக்காகச் சேர்த்து அடித்தது. அமிலத்தில் முக்கும்போது ஒரு வகை அதிகம் அரிக்கும், இன்னொன்று குறைவாக அரிக்கும். அதில்தான் கோடு தெரிகிறது. தேய்த்தால் அசலிலும் மங்கும்.

கத்தியை வெளிச்சத்தில் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். முதுகிலும் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் நல்ல அறிகுறி. முதுகு வெறுமையாக இருந்தால் சந்தேகப்படலாம், ஆனால் அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால், கத்தி வேலை தெரிந்த பட்டறையில் கொடுத்துப் பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தை மட்டும் எமரித் தாளால் தேய்த்து, எஃகை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு ரசாயனத்தை வைக்கச் சொல்லுங்கள். கோடு திரும்ப வந்தால் அசல். வராமல் அப்படியே கிடந்தால் மேலே போட்ட அச்சு.

அச்சுதான் என்றால் விடாதீர்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. கடைக்காரர் தானாக எழுதிவைத்த நிபந்தனை அதற்கு மேல் நிற்காது. விற்பனைப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். முதலில் 1915 எண்ணில் புகார் சொல்லுங்கள். அதில் தீராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: பழைய பங்களா சாமான் விற்பனையில் மான்கொம்புப் பிடி போட்ட சீமைக் கத்தி கிடைக்கிறது. வாங்கலாமா? என்னிடம் இருக்கிற கத்திகளும் துருப்பிடிக்கின்றன. (வாசகர், ஊட்டி)

பதில்: வேண்டாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திகளுக்கு நம் நாட்டுக் கடமான் கொம்பு கப்பலேறிப் போனது உண்மைதான். ஆனாலும் இன்றைக்கு அதை வாங்குவதும் விற்பதும் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிவிடும். தந்தப் பிடியும் அப்படியே.

துருவுக்குக் காரணம் பெரும்பாலும் தோல் உறைதான். மூடுபனி ஈரத்தைத் தோல் இழுத்து வைத்துக்கொள்ளும். கத்தியை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், ஊட்டிக் குளிரில் உறைந்து திட்டுத் திட்டாக நிற்கும், நாளானால் சிக்கு வாடை வரும். தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் துடைத்துவிட்டால் போதும். மழைக்காலத்தில் மட்டும் அடிக்கடி எடுத்துப் பாருங்கள்.