விமானத்துக்கு எண்ணெய் போடுவதும் வடிப்பதும்: கேள்வி பதில்

விமான நிலையத்தில் எரிபொருள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பயணிகள், பைலட் பயிற்சியில் இருப்பவர்கள், பராமரிப்புப் படிப்பு மாணவர்கள் எனப் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஏ.டி.எஃப்., ஏவ்காஸ் என்ற இரண்டு பெயர்கள் அடிக்கடி வரும். முதலாவது ஜெட் இன்ஜினுக்கான நயம் மண்ணெண்ணெய். இரண்டாவது பிஸ்டன் இன்ஜின் உள்ள சிறு விமானங்களுக்கான, ஈயம் கலந்த பெட்ரோல்.

கேள்வி: நாங்கள் விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போதே எண்ணெய் போட்டார்கள். சீட் பெல்ட்டைக் கழற்றி வைக்கச் சொல்லி அறிவிப்பு வேறு. பயமாகிவிட்டது சார். இப்படிச் செய்யலாமா?

பதில்: ஏ.டி.எஃப். என்றால் சில நிபந்தனைகளோடு செய்யலாம். ஏவ்காஸ் என்றால் கூடவே கூடாது. ஏதாவது நடந்தால் பெல்ட்டோடு மல்லுக்கட்டாமல் எழுந்து ஓடுவதற்காகத்தான் கழற்றச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் கதவுகளை ஒட்டிப் பணியாளர்கள் நிற்பார்கள். வெளியேறும் வழியில் வண்டியோ பெட்டியோ இருக்காது.

ஏ.டி.எஃப்.பின் தீப்பற்றுநிலை 38 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது தரவிதி. அதற்குக் கீழே எண்ணெயின் மேலுள்ள ஆவி சுலபத்தில் பற்றாது. ‘மே மாதச் சென்னை அதைத் தாண்டுமே’ என்று நினைப்பீர்கள். தாண்டும்தான், அந்த எண்ணை நம்பி அசட்டையாக இருக்க முடியாது. குழாய் பிய்த்துக்கொண்டு எண்ணெய் பொடித்துளியாகச் சிதறினால், 38-க்கு எவ்வளவோ கீழேயும் பற்றும். 2001 செப்டம்பர் 5 அன்று டென்வரில் நின்றிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777-க்கு எண்ணெய் ஏற்றும்போது, இறக்கைக்கு அடியில் குழாய் மாட்டும் இடம் உடைந்து தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் தப்பிவிட்டார்கள். எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த ஊழியர் தீக்காயத்தால் இறந்துபோனார். குழாயை மாட்டியதும் இழுத்தும் ஆட்டியும் பார்ப்பது, ஊழியர் நிற்கும் மேடையை ஏற்றி இறக்கும்போது குழாய் பக்கவாட்டில் இழுபடுகிறதா என்று கவனிப்பது எல்லாம் சடங்கு இல்லை.

கேள்வி: பாண்டிங், எர்த்திங் இரண்டும் ஒன்றா? எதை முதலில் மாட்ட வேண்டும்? பரீட்சையில் கேட்கிறார்கள், சார்.

பதில்: பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு விட்டுவிடாதே தம்பி. எண்ணெய் குழாயில் ஓடும்போதே நிலைமின்சாரம் உண்டாகிறது. பௌசரின், அதாவது எண்ணெய் லாரியின், ஃபில்டருக்குள் நுண்ணிய இழைகளை உரசிக்கொண்டு போகும்போதுதான் அது மிக அதிகம். அந்த மின்னேற்றம் எண்ணெயோடு டேங்குக்குப் போகும், எதிர்மின்னேற்றம் பௌசரில் தங்கும். இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்துச் சமமாக்குவது பாண்டிங். தரையோடு இணைப்பது எர்த்திங். எண்ணெய் போடும் நேரத்தில் உயிர் காப்பது பாண்டிங்தான். வழக்கமான எரிபொருள் ஏற்றத்துக்கு எர்த் கட்டாயமில்லை என்பது அமெரிக்கத் தீயணைப்பு விதித்தொகுப்பான என்.எஃப்.பி.ஏ. 407-இன் நிலை. உங்கள் நிறுவனக் கையேடு எர்த்தும் கேட்டால் அதையும் போடுங்கள், வாதாட வேண்டாம்.

பாண்டிங் கம்பிக்குப் பிறகுதான் குழாய். கழற்றும்போது குழாய் முதலில், கம்பி கடைசியில். இறக்கையின் மேலே மூடியைத் திறந்து ஊற்றும் ரகமாக இருந்தால், மூடியைத் திறக்கும் முன்பே நாசிலின் (எண்ணெய் ஊற்றும் குழாய்முனை) சிறு கம்பியை விமானத்தில் மாட்டிவிட வேண்டும். ஆவி வெளியே வந்த பிறகு கம்பியை மாட்டினால், தடுக்க வேண்டிய பொறியை நாமே பற்றவைத்ததாகிவிடும். பெயின்ட் மேல் கிளிப்பைக் கவ்வ விட்டுவிட்டுப் ‘போட்டாச்சு’ என்பவர்களும் உண்டு. அதற்கென்று உள்ள வெற்று உலோக முனையில்தான் மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் புனலும் பிளாஸ்டிக் வாளியும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

கேள்வி: அந்த இடத்தில் செல்போன் பேசினால் வெடிக்குமா?

பதில்: போன் பொறியைவிடப் போனில் பேசுகிறவருடைய கவனம்தான் என் கவலை. கையில் டெட்மேன் சுவிட்ச் இருக்கும். கையை எடுத்தால் எண்ணெய் நின்றுவிடும் என்பதுதான் அதன் பயனே. பேச வசதியாக அதைக் கட்டையால் அடைகொடுத்து வைப்பவரை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்த வேண்டும்.

கேள்வி: செஸ்னா 172-இல் பயிற்சி எடுக்கிறேன். தினமும் காலையில் இறக்கைக்கு அடியில் கப் வைத்து எண்ணெய் வடிக்கச் சொல்கிறார்கள். தண்ணீர் இருந்தால் எப்படித் தெரியும்?

பதில்: 100எல்எல் ஏவ்காஸ் நீல நிறம். தண்ணீர் அதைவிடக் கனம் என்பதால் கப்பின் அடியில் நிறமில்லாத குமிழியாகவோ தனி அடுக்காகவோ நிற்கும். இதில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கோடே இல்லாமல் கப் முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் ‘சுத்தம்’ என்று கொட்டிவிடுகிறார்கள். மொத்தமும் தண்ணீராக இருந்தாலும் கோடு தெரியாது அல்லவா! வெள்ளைப் பின்னணியில் பிடித்து நீலம் இருக்கிறதா பாருங்கள், முகர்ந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது அடிக்குப் போய் முத்தாக நின்றால் கப்பில் உள்ளது எண்ணெய், காணாமல் போனால் தண்ணீர்.

எண்ணெய் போட்ட உடனே வடித்துப் பயனில்லை, கலங்கிய தண்ணீர் அடிக்கு வர நேரம் வேண்டும். மழைக்குப் பிறகு மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். இரவில் டேங்கை நிரப்பி நிறுத்துவது நல்ல பழக்கம். காலியிடம் குறைந்தால் ஈரக்காற்றும் குறையும். சென்னை, கொச்சி மாதிரிக் கடலோர ஊர்களில் இது முக்கியம். தண்ணீர் வந்தால், வராமல் போகும்வரை வடித்துக்கொண்டே இருங்கள். இறக்கையை மெல்ல ஆட்டிவிட்டு மறுபடியும் வடியுங்கள். கப்பில் உள்ளதைத் தரையில் வீசாமல் அதற்கென்று வைத்த டப்பாவில் ஊற்றுங்கள்.

இன்னொன்று, வால்வை அழுத்தும்போது முழங்கை கையைவிடக் கீழே இருந்தால் எண்ணெய் சட்டைக்கைக்குள் ஓடி அக்குள்வரை போகும். ஒருமுறை எரிந்தால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: பெரிய விமானங்களுக்கும் இந்தத் தண்ணீர்த் தொல்லை உண்டா?

பதில்: உண்டு. ஏ.டி.எஃப். தண்ணீரை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், லேசில் பிரியாது. அதனால் கண்ணால் பார்ப்பதோடு விடுவதில்லை. சிரிஞ்சின் முனையில் சிறு கேப்ஸ்யூலை மாட்டி 5 மி.லி. எண்ணெயை இழுப்போம். தண்ணீர் கலந்திருந்தால் கேப்ஸ்யூலுக்குள் உள்ள மஞ்சள் வில்லை பச்சையாகவோ நீலமாகவோ மாறும்.

தண்ணீர் எங்கெல்லாம் கொண்டுபோய் விடும் என்பதற்கு 2010 ஏப்ரல் 13 அன்று நடந்த கதே பசிபிக் 780 சம்பவம் போதும். இந்தோனேசியாவின் சுரபயாவில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு ஹாங்காங் புறப்பட்ட ஏர்பஸ் ஏ330 அது. சுரபயாவில் ஹைட்ரன்ட் குழாய்களில் (தரைக்கடியில் எண்ணெய் கொண்டுவரும் குழாய்கள்) வேலை நடந்தபோது உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அங்கிருந்த ஃபில்டர்களில் தண்ணீரை உறிஞ்சி வீங்கும் ஒருவகைப் பாலிமர் இருந்தது. உப்புநீர் பட்டதும் அந்தப் பாலிமர் நுண்மணிகளாகி எண்ணெயோடு விமானத்துக்குப் போய், இன்ஜினின் எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவிகளை இறுகச் செய்துவிட்டது. இரண்டு இன்ஜின்களும் விமானி சொன்னதைக் கேட்கவில்லை. ஒன்று அதிக வேகத்திலேயே சிக்கிக்கொண்டதால், மணிக்கு 425 கி.மீ. அளவில் தரையைத் தொட்டார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள். தண்ணீரைத் தடுக்க வைத்த ஃபில்டரே வினையானதை இதில் கவனியுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பாலிமர் ஃபில்டர்களையே தொழிலிலிருந்து விலக்கும் முடிவுக்கு வந்தார்கள்.

கேள்வி: ஏவ்காஸ் விமானத்தில் ஏ.டி.எஃப். மாற்றிப் போட்டுவிட முடியுமா? நம்பவே முடியவில்லை.

பதில்: 1989-இல் பாப் ஹூவருக்கே நடந்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற சாகச விமானி. பிஸ்டன் விமானத்தில் ஜெட் எண்ணெயைப் போட்டுவிட்டார்கள். குழாயில் மிச்சமிருந்த நல்ல எண்ணெயில் இன்ஜின் ஓடும், ஓடுதளத்தில் சந்தேகமே வராது, மேலே ஏறிய பிறகுதான் கைவிடும். அவர் எப்படியோ இறக்கித் தப்பித்தார். அதன் பிறகு அவர் பெயரிலேயே ஒரு நாசில் வந்தது. ஜெட் எண்ணெய் நாசிலின் வாய் அகன்று தட்டையாக இருக்கும், ஏவ்காஸ் டேங்கின் சிறு வாயில் நுழையாது. ‘நுழையவில்லை’ என்று அந்த வாயைக் கழற்றிவிட்டு ஊற்றுகிற மகானுபாவர்களை என்ன செய்ய! டயமண்ட் டி.ஏ.42 போன்றவை பார்க்கச் சிறு விமானம், உள்ளே இருப்பதோ ஏ.டி.எஃப். குடிக்கும் டீசல் இன்ஜின். உருவத்தை வைத்து முடிவு செய்யாமல் மூடி அருகே ஒட்டியுள்ள எழுத்தைப் படியுங்கள்.

கேள்வி: பைலட்டுகள் எண்ணெயைக் கிலோவில் கேட்கிறார்கள், மீட்டர் லிட்டரில் ஓடுகிறது. எதற்கு இந்தச் சுற்றுவழி?

பதில்: இன்ஜினுக்கும் இறக்கைக்கும் எடைதான் கணக்கு. வெயிலில் எண்ணெய் விரியும், லிட்டர் மாறும், கிலோ மாறாது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா 143-ஆம் விமானத்துக்கு, ஒரு போயிங் 767, தேவைப்பட்டது 22,300 கிலோ. எண்ணெய் மானி வேலை செய்யாததால் குச்சியால் அளந்தார்கள், டேங்கில் 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரைக் கிலோவாக்க ஏறத்தாழ 0.8-ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77-ஆல். அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். 20,000 லிட்டருக்கு மேல் ஏற்ற வேண்டிய இடத்தில் 4,916 லிட்டர்தான் ஏறியது. 41,000 அடி உயரத்தில் பறந்தபோது எண்ணெய் தீர்ந்து, கிம்லி என்ற பழைய ராணுவ ஓடுதளத்தில் மிதந்தே வந்து இறங்கினார்கள். ஏற்றிய லிட்டரை அன்றைய அடர்த்தியால் பெருக்கி, மானி காட்டும் கிலோவோடு ஒத்துப்பார்த்த பிறகே ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும்.

கேள்வி: எண்ணெயை இறக்குவது எப்போது? ஏற்றுவதைத் திருப்பிச் செய்வதுதானே?

பதில்: இதைத்தான் பலரும் குறைத்து எடைபோடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் ஆபத்து அதிகம். டேங்கில் கசிவு, உள்ளே பழுது, தரம் கெட்ட எண்ணெய், கடைசி நேரத்தில் எடை கூடிப்போவது என்று காரணங்கள் பல. எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்தில் காற்றும் ஆவியும் கலந்து நிற்கும், வெடிக்கத் தயாரான கலவை அதுதான். 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800-இல் வெடித்தது கிட்டத்தட்டக் காலியாக இருந்த நடு டேங்க். கீழே இருந்த குளிர்சாதனக் கருவிகளின் சூட்டில் மிச்ச எண்ணெய் ஆவியாகியிருந்தது. 230 பேர் இறந்தார்கள்.

ஆகவே இந்த வேலை திறந்த வெளியில்தான், ஹேங்கருக்குள் வேண்டாம். பாண்டிங், தீயணைப்பான் எல்லாம் ஏற்றும்போது போலவே. பக்கத்தில் ஆக்சிஜன் நிரப்புவது, பேட்டரி சார்ஜ் செய்வது போன்ற வேறு வேலை எதுவும் ஓடக் கூடாது. முதலில் டேங்கின் அடியிலிருந்து மாதிரி எடுத்துப் பாருங்கள். கெட்ட எண்ணெயை உறிஞ்சினால் பௌசரும் கெடும். பௌசரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காமல் வால்வைத் திறந்து, மேலே வழியவிட்ட கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம். எந்த டேங்கை முதலில் காலி செய்வது என்பதைப் பராமரிப்புக் கையேட்டில் பாருங்கள். சில ரகங்களில் வரிசை மாறினால் மூக்கு தூக்கிக்கொண்டு வால் தரையில் உட்கார்ந்துவிடும்.

இறக்கிய எண்ணெயை நிலையத்தின் சேமிப்புத் தொட்டியில் சும்மா கலந்துவிட முடியாது. தனியாக வைத்து, சோதித்து, பெரும்பாலும் அதே நிறுவனத்தின் விமானத்துக்கே திருப்பிக் கொடுப்பது வழக்கம்.

கேள்வி: பிறகு டேங்குக்குள் ஆள் இறங்குகிறார்களே?

பதில்: உறிஞ்சி முடித்த பிறகும் அடியில் கொஞ்சம் நிற்கும். அதை டேங்கின் அடியிலுள்ள சம்ப் வால்வு வழியாக, பாண்டிங் மாட்டிய உலோக வாளியில் வடிக்க வேண்டும். அடுத்தது மணிக்கணக்கில் காற்றோட்டம். கிணற்றில் தூர்வார இறங்கும் முன் நம் ஊரில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். இங்கே விளக்கு இறக்கினால் கதை முடிந்தது, மீட்டர்தான். ஆவி, தீப்பற்றும் கீழ்வரம்பில் (காற்றில் பற்றிக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச ஆவி அளவில்) 10 சதவீதத்துக்குக் குறைவாகவும், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். பருத்தி உடை, பொறி வராத டார்ச், வாசலில் வேறு வேலை இல்லாத ஒரு துணையாள். உள்ளே இருப்பவர் மயங்கினால் அந்தத் துணையாள் பின்னாலேயே குதிக்கக் கூடாது. மூடிய இடங்களில் இரண்டாவது உயிர் போவது பெரும்பாலும் அப்படித்தான்.

கேள்வி: டேங்கில் பூஞ்சை வளரும் என்கிறார்கள். நிஜமா?

பதில்: நிஜம். தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் கோட்டில் வளரும், கறுப்பாகக் கொழகொழவென்று ஃபில்டரை அடைக்கும், உலோகத்தையும் அரிக்கும். ஒழுங்காகத் தண்ணீர் வடித்தாலே பாதித் தொல்லை இல்லை. மருந்தில் அளவு முக்கியம். 2020 பிப்ரவரியில் கேட்விக்கில் ஓர் ஏர்பஸ் ஏ321-இன் இன்ஜின்கள் தடுமாறி அவசரமாகத் திரும்ப நேர்ந்தது. பூஞ்சைக்கொல்லியைப் பரிந்துரைத்ததுபோல் ஏறத்தாழ 38 மடங்கு போட்டிருந்தார்கள்.

கேள்வி: வடித்த பிறகு வால்வு சொட்டிக்கொண்டே இருக்கிறது. பறக்கலாமா?

பதில்: தூசி சிக்கியிருக்கும். இரண்டு மூன்று முறை நன்றாகத் திறந்து மூடி அலசிவிடுங்கள். நிற்கவில்லை என்றால் பறக்காதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் கிளப்பில் மைக்ரோலைட் என்ற மிகச் சிறு விமானத்தின் டேங்கிலிருந்து டியூபை வாயால் உறிஞ்சித்தான் பெட்ரோல் எடுக்கிறோம். தவறா ஐயா?

பதில்: தவறுதான், இன்றோடு விடுங்கள். பெட்ரோல் ஒரு மடக்கு புரையேறி நுரையீரலுக்குப் போனாலே கடுமையான நுரையீரல் அழற்சி வரும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வெளியே வரும்போது மறுபடியும் நுரையீரலுக்குப் போகும். நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். உடம்பில் கொட்டினால் தண்ணீர் ஊற்றித் துணியை நனைத்த பிறகே கழற்றுங்கள், உலர்ந்த சட்டையை உருவும்போது பொறி வரலாம். எண்ணெய் எடுக்கக் கைப்பம்பு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உலோகக் கேனையும் விமானத்தையும் கம்பியால் இணையுங்கள். கேன் தரையில் இருக்கட்டும், பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட வண்டியின் பின்புறத்தில் வைத்து நிரப்ப வேண்டாம்.