செயலி 40 செ.மீ. பனி என்கிறது, இன்னொன்று 12 என்கிறது: எதை நம்பிக் கிளம்புவது?

கேள்வி: மார்ச் முதல் வாரத்தில் நான்கு நாள் பனிச்சறுக்குக்குப் போகிறோம். எனக்கு ஓரளவு சறுக்கத் தெரியும். மனைவி போன வருடம்தான் கற்றுக்கொண்டார். ஒரு செயலி 40 செ.மீ. புதுப்பனி வரும் என்கிறது, இன்னொன்று 12 என்கிறது. ஸ்கீ தலத்தின் காலை அறிக்கையில் மூன்றாவதாக ஓர் எண். எதை வைத்து நாளைத் திட்டமிடுவது? மேலே தூள்பனி இருக்கும்போது கீழ்த்தடம் மட்டும் கட்டி இறுகிப்போவது ஏன்?

பதில்: இரண்டு செயலிகளும் ஒரே அளவு நீரைத்தான் கணக்கிட்டிருக்கக்கூடும். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் முதலில் தருவது மில்லிமீட்டரில் நீரின் அளவு. அதைப் பனியாக மாற்றுவது அதற்கு அடுத்த கணக்கு. 20 மி.மீ. நீர், உறைநிலையை ஒட்டிய ஈரப்பனியாக விழுந்தால் 12 செ.மீ. வரும், சராசரியான பனியாக இருந்தால் 20, நல்ல குளிரில் காற்றில்லாமல் விழும் மென்பனியாக இருந்தால் 40 வரை உயரும். சில செயலிகள் வெப்பநிலையைப் பார்க்காமல் எப்போதும் பத்தால் பெருக்கிவிடுகின்றன. ஆகவே சென்டிமீட்டரை விட்டுவிட்டு நீரளவையும் வெப்பநிலையையும் பாருங்கள்.

அந்த எண் எந்த உயரத்துக்கானது என்பது அடுத்த கேள்வி. ஐரோப்பிய வானிலை மையத்தின் உலக மாதிரி சுமார் 9 கி.மீ. கட்டங்களாகவும், அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். என்ற உலக மாதிரி சுமார் 13 கி.மீ. கட்டங்களாகவும் பூமியைப் பார்க்கின்றன. அவ்வளவு பெரிய கட்டத்துக்குள் சிகரமும் பள்ளத்தாக்கும் ஒரே சராசரி மேடாகக் கரைந்துவிடும். அடிவாரம், லிஃப்டின் நடுநிலையம், உச்சி என உயரத்தைப் பிரித்துக் காட்டும் முன்னறிவிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு நாட்களுக்கு, 1 முதல் 2 கி.மீ. கட்டமுள்ள வட்டார மாதிரி கிடைத்தால் அதுவே மேல்.

எல்லாவற்றையும்விட நான் முதலில் தேடுவது உறைநிலை உயரத்தை, அதாவது காற்று 0 டிகிரியைத் தொடும் உயரத்தை. ஏறும் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். விழும் பனி உடனே உருகிவிடாது என்பதால், பனி மழையாக மாறும் எல்லை உறைநிலைக்கு 200 முதல் 300 மீட்டர் கீழே இருக்கும். உறைநிலை 1,700 மீட்டரில் இருந்தால் 1,400க்கு மேல் ஏதோ ஒரு புள்ளியிலிருந்துதான் பனி. அடிவாரம் 1,200 மீட்டர் என்றால் அங்கே மழைதான். 2,400 மீட்டர் உச்சியிலோ அதே நேரத்தில் அருமையான பனி. பொழிவு கடுமையாக இருந்தால், உருகும் பனி சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சி அந்த எல்லையை இன்னும் கீழே இழுக்கும்; காற்றோட்டமில்லாத குறுகிய பள்ளத்தாக்குகளில் இது நன்றாகத் தெரியும். முன்னறிவிப்பில் 200 மீட்டர் பிசகுவது சாதாரணம். அடிவாரம் அந்த இடைவெளிக்குள் வந்தால் அங்குள்ள பனியை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

காற்றைப் பலர் பார்ப்பதே இல்லை. உலர்ந்த புதுப்பனி மணிக்கு 25 கி.மீ. வேகத்திலேயே நகரத் தொடங்கிவிடும். காற்று மோதும் முகடு வழித்துப்போகும், மறுபக்கம் இடுப்பளவு சேரும். பறக்கும் வழியில் பனித்துகள்கள் உடைந்து நெருங்கிப் பலகைபோல் இறுகும். அந்த 40 செ.மீ. தூள்பனியாகக் கிடைக்குமா என்பதை இதுவே முடிவு செய்கிறது. வேகத்தைப் பள்ளத்தாக்கில் பார்க்காமல் முகட்டு உயரத்தில் பாருங்கள். அங்கே பலத்த வீச்சு என்றால் மேல் லிஃப்டுகள் மூடப்படவும் வாய்ப்பு அதிகம்.

தலத்தின் காலை அறிக்கை, காற்று படாத ஓர் இடத்தில் வைத்த பலகையில் பொதுவாக 24 மணி நேரத்தில் சேர்ந்த பனியின் அளவு. அந்தப் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது, எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்று பாருங்கள். மூன்று நாள் புதுப்பனியைக் கூட்டினாலும் மொத்த ஆழம் அவ்வளவு கூடியிருக்காது, ஏனென்றால் புதுப்பனி தன் எடையிலேயே அமுங்கும்.

கீழ்த்தடம் இறுகுவதற்கு மூன்று காரணங்கள். பகலில் கீழேதான் வெப்பம் அதிகம், அதனால் மேற்பரப்பு உருகி இரவில் உறைகிறது. மாலையில் எல்லோரும் அந்த வழியாகவே இறங்குவதால் மென்மையான மேலடுக்கு சுரண்டப்பட்டுவிடுகிறது. அதோடு, கீழ்த்தடங்களில் பெரும்பாலும் இயந்திரத்தில் உண்டாக்கிய பனிதான் அடித்தளம். அது இயற்கைப் புதுப்பனியைவிடப் பல மடங்கு அடர்த்தியானது. மழைக்குப் பிறகு உறைந்தால் நிலைமை இன்னும் மோசம். சமன்செய்யும் இயந்திரம் மேலே சில சென்டிமீட்டரைத்தான் உடைத்துப் பரப்பும்.

மார்ச் மாதத்தில் இரவு வானத்தைக் கவனியுங்கள். தெளிந்த இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுவதால், காற்று 0 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தாலும் பனி உறையும். மேகம் மூடிய மிதமான இரவில் சரியாக உறையாது. காலையிலேயே தடம் சொதசொதவென்று இருக்கும். உறைந்த இரவுக்குப் பிறகு உங்கள் மனைவியை லிஃப்ட் திறந்தவுடன் அழைத்துச் செல்ல வேண்டாம். வெயில் சில சென்டிமீட்டரை இளக்கும்வரை காத்திருந்து, கிழக்கு நோக்கிய சரிவில் தொடங்கி, தெற்குக்கும் பிறகு மேற்குக்கும் மாறுங்கள். வட அரைக்கோளத்தில் வடக்கு நோக்கிய சரிவுதான் குளிர்ந்த பனியை அதிக நாள் காக்கும். பூட்ஸ் கணுக்கால்வரை புதைந்தால் அந்தச் சரிவை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

ஒரு வாரத்துக்கு முன்பு, புயல் வருமா என்பதை மட்டும் பாருங்கள். சற்றே மாறிய தொடக்கநிலைகளோடு பலமுறை ஓட்டிய குழும முன்னறிவிப்பில் எண்கள் சிதறிக் கிடந்தால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று பொருள். மூன்று நாள் முன்பு உறைநிலையும் காற்றும். முந்தைய மாலை வட்டார மாதிரி. காலையில் தலத்தின் நேரலைக் கேமரா, திறந்திருக்கும் லிஃப்டுகள். பனி கொட்டும் நாளில் மரங்கள் சூழ்ந்த தாழ்ந்த தடங்களே நல்லது; வெட்டவெளியில் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது.

மறுநாள் வானம் தெளிந்ததும் தடத்துக்கு வெளியே தொடாத பனி அழைக்கும். காற்றோடு 30 செ.மீ. விழுந்த அடுத்த 24 மணி நேரம் பனிச்சரிவுக்கு மிக ஆபத்தான பொழுது. ஐந்து நிலை பனிச்சரிவு எச்சரிக்கையில் 3 என்பதை 'நடுத்தரம்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உயிரிழப்புகளில் பெரும்பகுதி அந்த நிலையில்தான் நடக்கிறது. பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் தேடுகருவி, மண்வெட்டி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல் மூன்றும், அவற்றைக் கையாளும் பயிற்சியும் இல்லாமல் தடத்தின் எல்லைக் கயிற்றுக்கு அப்பால் போகவே கூடாது. உங்கள் இருவருக்கும் இந்த முறை குறியிட்ட தடங்கள் மட்டும்தான்.

ஸ்கீயை வாடகைக்கு எடுக்கும்போது உலோக விளிம்பைத் தீட்டித் தரச் சொல்லுங்கள். காலை நேரக் கட்டிப்பனியில் பிடிமானம் அதில்தான் இருக்கிறது. பகலில் ஈரமாகும் என்று தெரிந்தால் வெப்பப் பனிக்கான மெழுகையும் கேட்டுப் பூசிக்கொள்ளுங்கள்.